வீட்டில் வரைஞ்ச ஸ்கீயும் அப்பாவோட அலவன்ஸும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நிஜ மரம், நிஜ பசை, நிஜ தூசின்னு போயிட்டிருந்தது. ஒரு ஜோடி ஸ்கீ செஞ்சிருக்கேன் மக்களே. அதாவது பனிச்சறுக்குக் கட்டை. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, மரத்தை அறுத்து, பசை தடவி, அழுத்தி, வெட்டி எடுத்தது. அதுமேல ஏறி நின்னு மலையிலிருந்து சறுக்கி முழுசா வந்தும் சேர்ந்துட்டேன்.

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஏன், கடையில கிடைக்காதா?" கிடைக்கும். இதைவிட நல்லதாவே கிடைக்கும். பொருளுக்கு மட்டும் எனக்கு ஆன செலவு சுமார் 350 டாலர். சீசன் முடியுறப்ப தள்ளுபடியில தேடினா அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஜோடியே வாங்கிடலாம். அப்புறம் ஏன்னு கேட்டா பதில் கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நான் இருக்கிறது டென்வர். சொந்த ஊர் கோயமுத்தூர். நம்மூர்ல பனின்னா மார்கழியில தலையில துண்டு கட்டிக்கிற சமாச்சாரம். இங்க அதே வார்த்தைக்கு இடுப்பளவு ஆழம் உண்டு. 2021-ல வந்தப்ப கூட வேலை பார்க்கிறவங்க இழுத்துட்டுப் போனாங்க. முதல் வருஷம் விழுந்தேன், ரெண்டாவது வருஷம் கொஞ்சம் கம்மியா விழுந்தேன். மூணாவது வருஷம் கட்டை ஏன் திரும்புதுன்னு யோசிக்க ஆரம்பிச்சேன். மெக்கானிக்கல் படிச்சிட்டு ஜாவா எழுதிப் பொழைக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன். எட்டு செமஸ்டர் படிச்சதுல ஒண்ணையாவது கையால தொட்டுப் பார்க்கணும்கிற அரிப்பு உள்ளுக்குள்ள இருந்துட்டே இருக்கும். படிச்சவங்களுக்குத் தெரியும்.

ஆனா இந்த அரிப்பு எனக்கு மட்டும் வந்ததில்லை. ஹோவர்ட் ஹெட்னு ஒரு அமெரிக்கர், விமானம் செய்யுற இடத்துல இன்ஜினியரா இருந்தவர். 1947-ல ஸ்கீ பண்ணப் போயிட்டு, இவ்ளோ கனமான மரக்கட்டை எதுக்கு, விமானத்துக்குப் பண்ற மாதிரி ரெண்டு மெல்லிய அலுமினியத் தகடுக்கு நடுவுல லேசான சரக்கை வெச்சு ஒட்டினா என்னன்னு ஆரம்பிச்சார். முதல்ல கொண்டுபோன ஆறு ஜோடியும் உடைஞ்சு போச்சு. மனுஷன் விடலை. 1950-க்குள்ள கடையில விக்கிற அளவுக்குக் கொண்டுவந்துட்டார். இன்னைக்கும் ஸ்கீன்னா அந்த சாண்ட்விச்தான். நடுவுல மரம், மேலயும் கீழயும் கிளாஸ் ஃபைபர், அடியில வழுக்குற பிளாஸ்டிக், ஓரத்துல இரும்பு.

சரி, வரையறதுக்கு வருவோம். எனக்கு இதுலதான் ருசி.

ஸ்கீயை மேலிருந்து பார்த்தா ரொம்ப நீளமா இழுத்துவிட்ட உடுக்கை மாதிரி இருக்கும். மூக்கு அகலம், இடுப்பு ஒடுக்கம், வால் மறுபடி அகலம். நான் எடுத்துக்கிட்ட அளவு 130, 95, 115. எல்லாம் மில்லிமீட்டர். மொத்த நீளம் 178 சென்டிமீட்டர். அதுல பனியைக் கடிக்கிற ஓரத்தோட நீளம் 1400 மில்லிமீட்டர்னு வெச்சுக்கிட்டேன். அந்த இடுப்பு வளைவு ஒரு பெரிய வட்டத்தோட துண்டு. அந்த வட்டம் எவ்ளோ பெரிசுன்னு கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். நாணோட நீளத்தை வர்க்கமாக்கி, வில் உள்வாங்கின ஆழத்தோட எட்டு மடங்கால வகுக்கணும். மூக்கு, வால் ரெண்டுக்கும் சராசரி 122.5. இடுப்பைக் கழிச்சா 27.5. ஒரு பக்கத்துக்கு அதுல பாதி, 13.75. ஆயிரத்து நானூறோட வர்க்கத்தை 110-ஆல வகுத்தா 17.8 மீட்டர். கட்டையைப் பக்கவாட்டுல சாய்ச்சு அதன் ஓரத்துல நின்னா, ஓரம் முழுசும் பனியைத் தொடுறதுக்காகக் கட்டை வளையும். அதனால இந்த வட்டம் இன்னும் சின்னதாகும். அறுபது டிகிரி சாய்ச்சா சுமாரா பாதி. காலை முறுக்கித் திருப்ப வேண்டாம், சாய்ஞ்சாலே தானா திரும்பும்.

இந்த உள்வாங்கல் ரொம்ப நாளா ஏழெட்டு மில்லிமீட்டர்லயே நின்னுட்டிருந்தது. வட்டமும் நாற்பது மீட்டருக்கு மேல. 1993-ல ஸ்லோவேனியாவுல ஏலான் கம்பெனி நல்லா இடுப்பு ஒடுங்கின ஒரு ஸ்கீயைக் கொண்டுவந்தது. அதுக்கப்புறம் அந்தப் பழைய நேர்க்கட்டைகள் எல்லாம் மலையோர ஹோட்டல் சுவத்துல அலங்காரமாத் தொங்கப் போயிடுச்சு. அப்புறம் ஷேன் மெக்கான்கின்னு ஒரு ஆள். புதுப் பனியில இடுப்பு ஒடுங்கவே வேண்டாம், படகு மாதிரி நடுவுல அகலமா இருக்கட்டும்னு தலைகீழாக் கேட்டார். 2002-ல அதுவும் ஸ்பேட்டுலாங்கிற பேர்ல கடைக்கு வந்தது. நான் அவ்ளோ தூரம் போகலை. இடுப்பு ஒடுங்கின சாதாரணக் கட்டைதான்.

வரைய எடுத்துக்கிட்டது ஃப்ரீகேட். இலவசம், திறந்த மூலம், நம்ம குணத்துக்கு ஒத்துவரும். 2024 நவம்பர்ல பதிப்பு 1.0 வந்ததுல இருந்து அடிக்கடி கவுந்து படுக்கிற பழக்கத்தையும் குறைச்சுக்கிட்டிருக்கு :-) எல்லா அளவையும் உள்ளேயே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல எழுதிட்டு, கோடுகளை அந்தக் கட்டங்களோட கட்டிவிட்டேன். இடுப்பை 95-லிருந்து 94 ஆக்கினா மொத்தப் படமும் தானா நகரும். வட்டம் 17.8-லிருந்து 17.2 ஆகும். ஒரு மில்லிமீட்டருக்கு அறுபது சென்டிமீட்டர்! ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து அந்த எண்ணை மாத்தி மாத்திப் பார்க்கிற சுகம் இருக்கே, கோடு எழுதறதுல வராது.

இடுப்பு வட்டம் சுலபம். இடக்கு எங்கன்னா, 17.8 மீட்டர் வளைவு மூக்குக்கிட்ட வந்து, பத்துப் பதினைஞ்சு சென்டிமீட்டர் வளைவா மாறுற இடத்துல. ரெண்டு வட்டத் துண்டை ஒண்ணையொண்ணு தொடுற மாதிரி ஒட்டிட்டா திரையில பார்க்க வழவழன்னு இருக்கும். ஆனா வளைவோட அளவு அந்தப் புள்ளியில ஒரே குதியாக் குதிக்கும். எம்டிஎஃப் பலகையில அந்த வடிவத்தை வெட்டி எடுத்து ஓரத்தை விரலால தடவினா, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குதி விரலுக்குத் தெரியும். அந்த வழியா இரும்பு ஓரத்தையும் வளைக்கணும். இரும்புக்கு அப்படிக் குதிக்கப் பிடிக்காது. அதனால அந்த இடத்துக்கு வட்டம் சரிப்படாது, ஸ்ப்ளைன் போடணும்.

இங்கதான் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

ஸ்ப்ளைன்கிற வார்த்தை கணக்குல இருந்து வந்தது கிடையாது. கப்பல் கட்டுறவங்களோட வார்த்தை. நீளமான மெல்லிய மரப்பட்டையை எடுத்து, தேவையான புள்ளிகள்ல ஈயக்குண்டு வெச்சு நிறுத்திட்டா, நடுவுல பட்டை தன் இஷ்டத்துக்கு வளைஞ்சு நிக்கும். மரம் சோம்பேறி, குறைஞ்ச கஷ்டத்துல எப்படி வளைய முடியுமோ அப்படித்தான் வளையும். அந்தக் கோடுதான் கண்ணுக்கும் அழகா இருக்கும். 1946-ல ஷோன்பெர்க்னு ஒரு கணித மேதை அந்தப் பட்டையோட பேரையே தன்னோட சமன்பாட்டுக்கு வெச்சார். அப்புறம் பிரான்சுல கார் கம்பெனிக்காரங்க, சிட்ரோயன்ல ஒருத்தரும் ரெனோல ஒருத்தரும், தனித்தனியா கார் உடம்பை வளைவாக் கணக்குப் போட வழி கண்டுபிடிச்சாங்க. அதெல்லாம் சேர்ந்துதான் இன்னைக்கு நாம மவுஸால இழுக்கிற கோடு.

இதைப் படிச்சப்ப எனக்கு ஈயக்குண்டு ஞாபகம் வரலை. அப்பாவோட ரீப்பர்தான் ஞாபகம் வந்தது.

அப்பா பேட்டர்ன் மேக்கர். கோயமுத்தூர்ல பம்புக்கு வார்ப்பு ஊத்துற ஒரு பட்டறையில இருபது வருஷத்துக்கு மேல. வார்ப்புன்னா, முதல்ல அந்தப் பொருளை மரத்துல செஞ்சு, அதை மணல்ல அமுக்கி எடுத்து, அந்தப் பள்ளத்துல உருக்கின இரும்பை ஊத்துவாங்க. அந்த மரப்பொருள்தான் பேட்டர்ன். பம்போட உடம்பு நத்தை மாதிரி சுருண்டு சுருண்டு அகலமாகிட்டே போகும். அந்தச் சுருளை வரைய அப்பா பலகையில ஆணி அடிச்சு, மெல்லிசாச் சீவின ரீப்பரை அதைச் சுத்தி வளைச்சு, பென்சிலால ஒரே இழுப்பு இழுப்பார். தேக்கு வாசனையோட வீட்டுக்கு வருவார். அவர் சட்டைப் பையில எப்பவும் ஒரு விசித்திரமான ஸ்கேல் இருக்கும். சின்ன வயசுல என் ஸ்கூல் ஸ்கேலோட வெச்சுப் பார்த்தா ரெண்டும் ஒத்துப்போகாது. அதுல ஒரு மீட்டர்னா நிஜத்துல 101 சென்டிமீட்டர். இரும்பு ஆறும்போது நூத்துக்கு ஒண்ணு சுருங்கும், அதுக்காகவே பெரிசாக் கோடு போட்ட ஸ்கேல். அலவன்ஸ்னு சொல்வார். அந்த வீட்டுல நான் முதல்ல கத்துக்கிட்ட இங்கிலீஷ் வார்த்தைகள்ல அது ஒண்ணு.

2012-ல அந்தப் பட்டறை கம்ப்யூட்டர்ல வரைஞ்சு மெஷின்ல வெட்டுற பேட்டர்னுக்கு மாறிச்சு. அப்பாவுக்கு அப்புறம் அங்க வேலை இல்லை. யாரும் சண்டை போடலை, மாலை போட்டாங்க, ஒரு கடிகாரம் குடுத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் அவர் ஒரு பிளைவுட் கடையில பலகையை அளந்து குடுத்து பில் போடுறார். உளி, இழைப்புளி எல்லாம் வீட்டுல ஒரு டிரங்குப் பெட்டியில எண்ணெய் துடைச்சு வெச்சிருக்கார்.

நான் மெக்கானிக்கல் சேர்ந்தது 2014. ரெண்டாவது வருஷம் கம்ப்யூட்டர்ல வரையக் கத்துக் குடுத்தாங்க. லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பம்பு உடம்பை வரைஞ்சு சுத்திச் சுத்திக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பேசாமப் பார்த்தார். அப்புறம், "அலவன்ஸ் எங்க கண்ணு?"ன்னார். கடைசியில மொத்தத்தையும் 1.01-ஆல பெருக்கிட்டாப் போதும்ப்பான்னு ஒரு பட்டனை அமுக்கிக் காட்டினேன். "ஒரே அமுக்கா?"ன்னார். எழுந்து போயிட்டார். போறப்ப வாசப்படியில நின்னு, "உள்ள மணல் கோர் புடிச்சிட்டிருக்கிற எடத்துல அவ்ளோ சுருங்காது, பார்த்துக்க"ன்னு மட்டும் சொன்னார். அது உண்மைன்னு ஒரு செமஸ்டர் கழிச்சு வார்ப்புப் பாடத்துல ரெண்டு வரியில வந்தது.

ஸ்கீ வரையறப்ப எனக்கு முதல்ல கை வரலை. காரணம் இதுதான். எந்த மென்பொருள் அப்பாவோட வேலையை எடுத்துக்கிச்சோ, அதை வெச்சு நான் ஞாயித்துக்கிழமைப் பொழுதுபோக்குக்கு மரக்கட்டை வரையறேன். அவர்கிட்ட எப்படிச் சொல்றது? மூணு வாரம் சொல்லலை. அப்புறம் அம்மா ஒருநாள் வீடியோ கால்ல பின்னாடி இருந்த பலகையைப் பார்த்துட்டு அவரைக் கூப்பிட்டுட்டாங்க. "ஏனுங்க, இங்க வந்து பாருங்க, இவன் ரூமுக்குள்ள மரக்கடை வெச்சிருக்கான்."

அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் அவர்தான் கூப்பிட்டார். குளிர்காலத்துல டென்வருக்கும் ஊருக்கும் பன்னெண்டரை மணி நேர வித்தியாசம். எனக்கு ராத்திரி எட்டு, அவருக்கு ஞாயித்துக்கிழமை காலையில எட்டரை, பேப்பர் படிச்சு முடிச்ச நேரம்.

நடுமரத்தை ஒரே பலகையா வைக்கிறதில்லை. விரல் அகலப் பட்டைகளா அறுத்து, நிமிர்த்தி, பக்கத்துல பக்கத்துல ஒட்டிப் பலகையாக்கணும். நான் பாப்லர் மரமும் ஆஷ் மரமும் கலந்து வாங்கியிருந்தேன். பாப்லர் லேசு. ஆஷ் கெட்டி, பைண்டிங் திருகாணி இறங்குற இடத்துல அதுதான் வேணும். திருகாணி சுமார் ஒன்பது மில்லிமீட்டர் உள்ள போகும், காலையே அதுதான் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு பட்டையையும் கேமரா முன்னாடி காட்டச் சொன்னார்.

"முனையக் காட்டு. இல்ல, வெட்டின முனைய. ரேகை எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு பாரு. அடுத்ததத் திருப்பிப் போடு. ரெண்டும் ஒரே பக்கம் இழுத்துச்சுன்னா கட்டை முறுக்கிக்கும்."

"இதுப்பா?"

"அது வேண்டாம். நார் பக்கவாட்டுல வெளிய ஓடுது பாரு. அங்கதான் புட்டுக்கும். உம்பட காலு அதுமேல நிக்கோணும் கண்ணு."

பதினாலு பட்டையில மூணைக் கழிச்சார். ஃப்ரீகேட்ல அந்த மரத்துக்கு நான் குடுத்திருந்தது அடர்த்தின்னு ஒரு எண், விறைப்புன்னு ஒரு எண். நார் எந்தப் பக்கம் வெளிய ஓடுதுன்னு கேட்க அதுல கட்டமே இல்லை.

அடுத்து தடிமன். மூக்குல ரெண்டு மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு, காலடியில 11, மறுபடி வாலுக்கு ரெண்டு. ஸ்கீயோட குணம் முழுக்க இந்தச் சரிவுலதான் இருக்கு. மரத்தோட வளையாத்தன்மை தடிமனோட மூணாம் அடுக்குல ஏறும். மேலயும் கீழயும் இருக்கிற கிளாஸ் ஃபைபரோட பங்கு சுமாரா ரெண்டாம் அடுக்குல ஏறும். பத்தைப் பதினொண்ணு ஆக்கினா மரத்தோட பங்கு 33 சதவீதம் கூடும், ஃபைபரோடது 21. ஒரு மில்லிமீட்டர் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. என்கிட்ட இருந்த பழைய கடை ஸ்கீயை ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல போட்டு, பதினைஞ்சு கிலோ தொங்கவிட்டு, எவ்ளோ தொய்யுதுன்னு அளந்து வெச்சுக்கிட்டேன். இலக்கு அதுதான். செஞ்சு முடிச்சப்புறம் அளந்ததுல பழசு 41 மில்லிமீட்டர், என்னோடது 44. ஒல்லியான ஆளுக்கு அது தேவலை.

அடித்தகடு வரையறதுல ஒரு சின்ன சூட்சுமம். இரும்பு ஓரம் வெளியே தெரியுற அகலம் சுமார் ரெண்டு மில்லிமீட்டர். அப்ப பிளாஸ்டிக் தகடை ஸ்கீயோட வெளிக்கோட்டைவிட எல்லாப் பக்கமும் ரெண்டு மில்லிமீட்டர் உள்ள தள்ளி வெட்டணும். ஆஃப்செட்னு ஒரு கட்டளை, முடிஞ்சது. ஆனா மையக்கோட்டுல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் கழிக்கிறதும், வளைவுக்குச் செங்குத்தா ரெண்டு மில்லிமீட்டர் தள்ளுறதும் ஒண்ணில்லை. இடுப்புல வித்தியாசம் தெரியாது. மூக்குல நல்லாத் தெரியும். இந்த இடத்துல கம்ப்யூட்டர் இல்லாம எனக்குக் கை நடுங்கியிருக்கும், அதையும் சொல்லிடணும்.

அழுத்துற வேலையை இங்க ஒரு பொதுப் பட்டறையில வெச்சுக்கிட்டேன். மாசச் சந்தா கட்டினா மெஷின் எல்லாம் தொடலாம். அங்க ஏற்கெனவே ஒரு உறுப்பினர் இரும்பு பீம் வெச்சு ஒரு ஸ்கீ பிரஸ் கட்டி வெச்சிருந்தார். கீழ வளைவான அச்சு, மேல காத்தடைச்ச தீயணைப்புக் குழாய். சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தம். கேட்க சைக்கிள் டயர் மாதிரிதான் இருக்கும். ஒரு ஸ்கீயோட பரப்பு சுமார் 0.18 சதுர மீட்டர், அதோட பெருக்கினா ஐந்தரை டன்னுக்கு மேல. நம்ம கோயில் யானை ஒண்ணும், கூட ஒரு குட்டியும் ஏறி நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. இது இல்லாம பையில போட்டுக் காத்தை உறிஞ்சியும் ஒட்டலாம், வெளிக்காத்தே அமுக்கிக் குடுக்கும். கடல் மட்டத்துல அது ஒன்றே முக்கால் டன்னுக்கு மேல. டென்வர் 1600 மீட்டர் உசரத்துல இருக்கு, காத்தே மெல்லிசு, ஒன்றரை டன்தான் தேறும். சென்னையில உட்கார்ந்து செஞ்சா அந்த முறை இதைவிட நல்லா வரும். செஞ்சு எங்க சறுக்குறதுங்கிறது வேற விஷயம் :-)

அந்த அச்சு வளைவுதான் எனக்கும் அப்பாவுக்கும் நடந்த ஒரே விவாதம். ஸ்கீயைத் தரையில வெச்சா நடுப்பகுதி கொஞ்சம் தூக்கி நிக்கணும், வில்லு மாதிரி. மேல ஆள் ஏறினா அமுங்கி, பாரம் மூக்குக்கும் வாலுக்கும் பரவும். எனக்கு வேண்டியது ஐந்து மில்லிமீட்டர். அச்சுல ஐந்துன்னு வரைஞ்சு வெச்சிருந்த படத்தைப் பகிர்ந்து காட்டினேன், இன்னும் வெட்டலை.

"இது அச்சோட அளவா, கட்டையோட அளவா?"

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா. எபாக்ஸி இறுகிடுச்சுன்னா அப்படியே நிக்கும்."

"பசை நிக்கும். மரம் நேராப் பொறந்தது, நீ வளைச்சுப் புடிச்சு ஒட்டறே. வுட்டா அது கொஞ்சம் நிமுரப் பார்க்கும்ல? எவ்ளோ நிமுரும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாண்ட்விச்சோட மொத்த விறைப்புல மரத்தோட பங்கு எவ்ளோவோ, அந்த அளவுக்குத் திரும்பி வரும். எனக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் வந்தது. அப்பா ரெண்டு கூட்டுன்னார். எப்படிப்பா ரெண்டுன்னு கேட்டா, "ஈரம் இருக்குமல்லொ"ன்னார். அப்புறம் இன்னொண்ணும் கேட்டார், சூடு பண்ணுவியான்னு. நல்ல கேள்வி. சூடாக்கி ஒட்டினா இறுகுற நேரம் குறையும். ஆனா அடிப் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல விரியுற சாதி. ஆறும்போது அது தன் பங்குக்கு ஒரு இழுப்பு இழுக்கும், அப்ப அலவன்ஸ் வேற. நான் அறைச் சூட்டுலயே ஒரு ராத்திரி விட்டுடறதுன்னு முடிவு பண்ணினேன். அச்சு ஏழுன்னு வெட்டினோம். "வெட்டினோம்"னுதான் எழுத வருது.

ஸ்ப்ரெட்ஷீட்ல அதுக்கு ஒரு தனிக் கட்டம் போட்டேன். கட்டை ஐந்து, அலவன்ஸ் ரெண்டு, அச்சு அது ரெண்டோட கூட்டல்.

மறுநாள் பிரஸ்ஸைத் திறந்து, ஓரமெல்லாம் அறுத்துத் தள்ளிட்டு, கண்ணாடி மேஜையில வெச்சு அளந்தேன். ஒண்ணு 5.4, இன்னொண்ணு 5.2. அப்பா அந்த எண்ணைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. அம்மாகிட்ட, இன்னொரு காப்பி குடுன்னு சத்தமாக் கேட்டது மட்டும் காதுல விழுந்தது.

ஜனவரியில லவ்லேண்டுக்குப் போனேன். டென்வர்ல இருந்து மேற்கே ஒரு மணி நேரம். 1973-ல திறந்த ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு மேலயே இருக்கிற மலை. நாம மேல சறுக்கிட்டிருக்கிறப்ப காலுக்குக் கீழே மலைக்குள்ள லாரி போய்க்கிட்டிருக்கும். முதல் ரெண்டு தடவை குழந்தைங்க பழகுற சரிவுல, ஒவ்வொரு மேட்டுக்கும் ஏதாவது படக்குன்னு சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டே இறங்கினேன். கேட்கலை. மூணாவது தடவை மெஷின் ஓட்டிச் சமன் பண்ணின அகலமான சரிவு, ஆள் நடமாட்டம் இல்லை. சாய்ஞ்சேன். கட்டை பிடிச்சது. ஸ்கீ பண்றவங்களுக்குத் தெரியும், பனி சீறுற சத்தம் நின்னு, கிழிக்கிற சத்தம் வரும். கீழே போய் நின்னு திரும்பிப் பார்த்தா வெள்ளையில ரெண்டு மெல்லிய கோடு, பென்சிலால இழுத்த மாதிரி. ஃபோனை எடுத்து அந்தத் தடத்தை மட்டும் படம் பிடிச்சு அனுப்பினேன். ஊர்ல அப்ப ராத்திரி பதினோரு மணிக்கு மேல. தூங்கியிருப்பார்னு நினைச்சேன். லிஃப்ட்ல ஏறி உட்கார்றதுக்குள்ள வாய்ஸ் மெசேஜ் வந்துடுச்சு.

"இது எவ்ளோ ரேடியஸ் கண்ணு?"

கையுறையைக் கழட்டி, பதினாறு இருக்கும்ப்பான்னு டைப் அடிச்சேன். வரைஞ்சது பதினேழு புள்ளி எட்டுதானேன்னு பதில் வந்தது. சாய்ஞ்சா குறையும்னு நான் சொன்னது ஞாபகம் இருக்கு மனுஷனுக்கு, சும்மா சீண்டறார்.

பன்னெண்டு நாள் ஓட்டினப்புறம் போன வாரம் மறுபடி அளந்தேன். 4.9, 4.8. அப்பாகிட்ட சொன்னேன். அடுத்த ஜோடிக்கு அலவன்ஸ் ரெண்டரைன்னு போடச் சொன்னார். போட்டிருக்கேன். அடுத்தது எனக்கு இல்லை, கூட வேலை பார்க்கிற ஒரு பொண்ணு கேட்டிருக்கா, 165 சென்டிமீட்டர், இடுப்பு 88. மூக்கு மரத்துக்கு மேல் அட்டையில என்ன படம் போடறதுன்னு இன்னும் முடிவாகலை. அப்பாவுக்கு அதுல அக்கறை இல்லை. ஆளோட எடை என்ன, திருகாணி எங்க விழுதுன்னு கேட்டுட்டிருக்கார். அந்த டிரங்குப் பெட்டியில இருந்து ஒரு சின்ன இழைப்புளியை, ஊருக்குப் போயிட்டு வர்ற ஃப்ரெண்டுகிட்ட குடுத்தனுப்பறேன்னு சொல்லியிருக்கார். விமானத்துல கைப்பையில விடமாட்டாங்க, பெட்டியில போடச் சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாராவது களத்துல இறங்கினா, எபாக்ஸியை வெறுங்கையால தொடாதீங்க. ஒருதடவை ஒத்துக்காமப் போயிடுச்சுன்னா அப்புறம் வாழ்நாள் முழுக்க அரிக்கும். இரும்பு ஓரத்தையும் ஃபைபரையும் அறுக்கிறப்ப முகமூடி கட்டாயம். ஃப்ரீகேட் ஃபைல் வேணும்கிறவங்க கேளுங்க, தர்றேன். அலவன்ஸ் கட்டத்துல மட்டும் உங்க மரத்துக்கு ஏத்த மாதிரி நீங்களே எண் போட்டுக்கோங்க.